மூன்று அடிகளும் ஒரு கழற்று மேகசினும்

எங்கள் பள்ளத்தாக்கில் துப்பாக்கி வாங்க வருகிறவன் கண்ணாடி அலமாரியைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்ப்பான். நான் தலையாட்டினால் வாங்குவான். உதட்டைப் பிதுக்கினால் வைத்துவிட்டுப் போவான். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். ஆறு வருடம் பள்ளிக்கூடம் போனேன், அதிலும் பாதி நாள் அடுத்தவர் மாட்டுக்குப் புல் அறுத்தேன். துப்பாக்கி ஆசாரி பட்டத்துக்கு இன்ஸ்ப்ருக் நகரத்தில் டை கட்டிய மூன்று பேர் என்னைச் சோதித்தார்கள். எழுத்துத் தேர்வில் தட்டுத் தடுமாறித்தான் தேறினேன். அரம் கையில் வந்ததும் அந்த மூன்று பேரும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

என் பெயர் வென்டலின். ஆனால் முப்பது வருடம் இந்த ஊர் என்னை அந்தப் பெயரால் கூப்பிடவில்லை. "ரத்தம்" என்றுதான் கூப்பிட்டது. அந்தப் பெயர் வந்த கதையும் போன கதையும்தான் இது.

1974, அக்டோபர். எனக்குப் பத்தொன்பது வயது. மர அறுவை மில் முதலாளி ஒத்மார் ட்ராக்ஸ்லர்தான் எங்கள் வேட்டைச் சங்கத்துத் தலைவர். மில்லில் என் அப்பா மரம் உருட்டினார், நானும் உருட்டினேன். அன்றைக்கு மான் தூக்கிவர ஆள் குறைந்ததால் என்னைக் கூட்டிப் போனார்கள். ஒத்மார் ஒரு கொம்பன் மானைச் சுட்டார். அது அடிபட்டு ஓடிவிட்டது. அஞ்சு பேர் பனியில் அரைமணி தேடினார்கள், தடம் கிடைக்கவில்லை. கண்டுபிடித்தவன் நான். ஒரு பாறை இடுக்கில் சிவப்பாக மூன்று பொட்டு. சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

"ரத்தம்! இங்க ரத்தம் கெடக்கு, வாங்க!"

அந்தப் பொட்டுகளைப் பிடித்துப் போய் மானையும் நானே காட்டினேன். அதற்கு நன்றி சொல்வார்கள் என்று நின்றேன். அவர்கள் சிரித்தார்கள்.

எங்கள் வேட்டைக்காரர்களுக்குத் தனிப் பேச்சு உண்டு. மிருகத்தின் கண்ணைக் கண் என்று சொல்லக்கூடாது, விளக்கு. காதைக் காது என்று சொல்லக்கூடாது, கேட்பான். ரத்தத்தை ரத்தம் என்று சொல்லவே கூடாது, வேர்வை. சொல்லிவிட்டால், விழுந்த மிருகத்தின் மேல் குப்புறக் கவிழ்த்து, தலைவரின் வேட்டைக் கத்தியைத் தட்டையாகத் திருப்பிப் பின்பக்கத்தில் மூன்று அடி. எல்லோரும் தொப்பியைக் கழற்றி நின்று பார்ப்பார்கள். ஆளுக்கு ஆள் வாங்கியிருக்கிறார்கள், சிரித்துக்கொண்டே வாங்குவார்கள்.

தபால்காரர் ப்ளாசி மட்டும் எனக்காகப் பேசினார். "முதலாளி, அவன் வேட்டைக்காரனே இல்ல. தூக்க வந்த பய. அவனுக்கு ஏது சட்டம்?"

"நம்ம பானையில குடிச்சான்ல? நம்ம அடியையும் திங்கட்டும்" என்றார் ஒத்மார்.

முதல் அடி பொய் அடி. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதைத் தோளிலிருந்து இறக்கினார். என் பற்கள் மானின் மயிரைக் கடித்தன. எழுந்து, "போதும், நிறுத்து நீ" என்றேன். மரங்கள் நின்றுபோகிற எல்லைக்கு மேலே எங்கள் மலையில் "நீங்க" கிடையாது. பாதிரியாரும் "நீ"தான், அமைச்சரே வந்தாலும் "நீ"தான். நாங்கள் நின்ற இடம் அதற்கும் இருநூறு அடி மேலே.

ஒத்மார் கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். "அது வேட்டைக்காரனுக்கு. உனக்கு நான் எங்க இருந்தாலும் நீங்க. புரிஞ்சுதா, ரத்தம்?"

வேட்டைக்கு வந்திருந்த மைர் சகோதரர்கள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பள்ளத்தாக்கு முழுக்க அதுதான் என் பெயர்.

அன்றே ப்ளாசியிடம் கேட்டேன், தலைவரே தப்புச் செய்தால் அவரை யார் அடிப்பது என்று. தபால்காரர் எல்லா விதிகளையும் மனப்பாடமாக வைத்திருப்பார். "அந்த மிருகத்த விழுத்தினவன் கைக்குக் கத்தி போகும். தலைவரோட கத்தியே" என்றார். "எதுக்கெல்லாம் அடி?" என்றேன். பட்டியல் நீளமாக இருந்தது. அதில் ஒன்று, காலித் துப்பாக்கியோடு மிருகத்தின் முன்னால் போய் நிற்பது. நான் வாழ்க்கையில் ஒழுங்காகப் படித்த சட்டம் அது ஒன்றுதான்.

அந்த மூன்று அடியை நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதே கத்தியால், அதே ஆட்கள் பார்க்க. வேறு எந்த ஆசையையும் அதற்கு முன்னால் வைக்கவில்லை.

மில்லை விட்டேன். கரிந்தியா மாகாணத்தில் ஒரு துப்பாக்கி ஆசாரியிடம் நாலு வருடம் குழல் தேய்த்தேன். திரும்பி வந்து, மூடிக் கிடந்த பால் பண்ணைக் கொட்டகையில் பட்டறை போட்டேன். எனக்கென்று ஒரு மலைத் துப்பாக்கியை நானே செய்தேன்: நடுவில் முறித்துத் திறந்து தோட்டா போடுகிற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி, இரண்டேகால் கிலோ. அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடு ஏறத் தயங்குகிற இடத்துக்கு ஏறியிருக்கிறேன். சங்கத்தில் சேர இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் ஒத்மார் கையை உயர்த்தித் தடுத்தார். மூன்றாவது முறை தடுக்க முடியவில்லை. அதற்குள் அவர்கள் எல்லோருடைய துப்பாக்கியும் பழுதுக்கு என் அலமாரியில்தான் நின்றது.

சேர்ந்து பதின்மூன்று வருடம் காத்திருந்தேன். ஒத்மார் வேட்டையில் தப்புச் செய்யாத ஆள். அதையும் சொல்ல வேண்டும்.

2004 ஜூலையில் அவர் என் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், ஒரு கையில் தடி. செப்டம்பரில் அவருக்கு எழுபது வயது. தலைவரின் எழுபதுக்குச் சங்கம் ஒரு கிழட்டுக் காம்ஸ் கிடாயைக் கொடுப்பது வழக்கம். காம்ஸ் எங்கள் மலையாடு, தூண்டில் முள்போலக் கொம்பு வளைந்தது, செங்குத்துப் பாறையில்தான் குடியிருக்கும். அங்கே அவருடைய பழைய நாலரைக் கிலோத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அந்த முழங்கால் ஏறாது.

"லேசா ஒண்ணு குடு. கையில இருக்கறதே தெரியக்கூடாது" என்றார்.

"உக்காருங்க முதலாளி" என்றேன். கடை பள்ளத்தாக்கில் இருக்கிறது, அங்கே "நீங்க"தான். என் மனைவி புர்கி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

மேசைத் துணியில் முதலில் என்னுடைய ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியை வைத்தேன்.

"ஒரே குண்டா? என்னைய சாமியாருன்னு நெனச்சியா?"

அடுத்தது, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் உள்ளேயே பொதிந்து, அடியில் திறக்கிற மூடி வைத்தது. மூடியைத் தட்டினால் தோட்டாக்கள் உள்ளங்கையில் விழும். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ப்ளாசி கதை மறந்துபோச்சா உனக்கு?" ப்ளாசி ஒருமுறை வயிற்றால் ஊர்ந்து போகும்போது மூடியின் கொக்கி கல்லில் பட்டுத் திறந்து, நாலு தோட்டாவும் சரளைச் சரிவில் உருண்டு, காம்ஸ் நின்ற இடத்துக்கே போய்ச் சேர்ந்தன. அது மோந்துகூடப் பார்த்தது என்று ப்ளாசி சத்தியம் செய்வார்.

மூன்றாவதை வைத்தேன். மூடியே இல்லாதது, மேலிருந்து போட்டு மேலிருந்தே எடுப்பது. நான் அவருக்கு மனதுக்குள் தேர்ந்து வைத்திருந்தது அதுதான். தொழில் என்று வந்தால் நான் எதிரிக்கும் நல்லதைத்தான் எடுத்து வைப்பேன். "இதுல தொறக்கறதுக்கு எதுவும் இல்ல, விழுறதுக்கு எதுவும் இல்ல, தொலையறதுக்கும் எதுவும் இல்ல. மூடியோட எடையும் மிச்சம்" என்றேன்.

தோட்டாவை உள்ளே தள்ளி வெளியே எடுக்கும் கம்பியான போல்ட்டை அவர் இழுத்துப் பார்த்தார். விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. "குடிசைக்குள்ள நுழையறப்பல்லாம் நாலு தடவ போல்ட்ட இழுத்து ஒவ்வொண்ணா வெளிய எடுக்கணும். இந்தக் கையாலயா? வேற காட்டு."

நான்காவது கழற்று மேகசின் வைத்தது. தீப்பெட்டி மாதிரி ஒரு சின்னப் பெட்டி. பொத்தானை அழுத்தினால் கையில் வந்துவிடும், தள்ளினால் டக்கென்று உட்கார்ந்துவிடும். எல்லாம் சேர்த்து இரண்டரைக் கிலோ. அவர் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். சின்னப் பிள்ளை மாதிரி முகம் மலர்ந்துவிட்டது.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மலையில் தோட்டா உள்ள துப்பாக்கி எந்தக் குடிசை வாசற்படியையும் தாண்டாது. கழற்று மேகசின்காரன் பெட்டியைக் கழற்றி உள் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத்தான் சூப்புக்கு உட்காருவான். துப்பாக்கி கதவோரக் கொக்கியில். கிளம்பும்போது கொக்கியிலிருப்பதை எடுப்பான். ஜன்னலில் இருப்பது ஜன்னலிலேயே இருக்கும். வருடா வருடம் வேட்டைக்காலத்தில் மூன்று நாலு பேராவது அசடு வழிந்துகொண்டு புது மேகசின் கேட்டு என்னிடம் வருவார்கள். அதனால் கழற்று மேகசின் வாங்குகிறவனிடம் ஒன்று சொல்லி அனுப்புவேன்: இரண்டாவதாக ஒன்று வாங்கி, சட்டைப் பையில் வைத்துத் தைத்துக்கொள்ளாத குறையாக வைத்துக்கொள்.

அவரிடமும் சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். "முதலாளி, இதுல ஒரு விஷயம் இருக்கு, ரெண்டாவதா ஒரு மேகசின்—"

அவர் புர்கியைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியாம்மா உம் புருஷன? ஒண்ணு வித்த எடத்துல ரெண்டு தள்ளப் பாக்குறான், ரத்தம்."

என் கடையில், என் மனைவி முன்னால்.

வாயை மூடிக்கொண்டேன். "நல்ல தேர்வு முதலாளி" என்றேன். புர்கி காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கும் அந்த ஜன்னல் கட்டை தெரியும்.

சில தோட்டா சுட்டுப் பார்த்துத் துப்பாக்கியைக் குறிகூட்டிக் கொடுத்தேன். குறிகூட்டியதில் அவருடைய தோட்டா இரண்டு மிச்சம். என் வேட்டைக் கோட்டின் இடதுபைக்குள் போட்டவன் அப்படியே மறந்துபோனேன். அப்போது மறந்துதான் போனேன்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி, காலை. மேல் குடிசையில் ஐந்து பேர்: ஒத்மார், ப்ளாசி, மைர் சகோதரர்கள் இருவர், நான். முப்பது வருடத்துக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்ற அதே ஆட்கள். ஒத்மார் மேகசினைக் கழற்றி, ஜாம் ஜாடிக்கும் ஜெரேனியப் பூந்தொட்டிக்கும் நடுவில் வைத்தார். உப்புக்கறி உருண்டையும் சூப்பும் வந்தன. பாதி உருண்டைகூட இறங்கவில்லை, வெளியே தொலைநோக்கியோடு நின்ற ப்ளாசி கதவில் தலையை நீட்டினார்.

"எந்திரிங்கடா! உன் கிடா ஒத்மார், மேல் கரட்டுல நிக்குது, எழுபது வயசு உனக்கா அதுக்கான்னே தெரியல!"

நாற்காலிகள் சரிந்தன. ஒத்மார் கொக்கியிலிருந்து துப்பாக்கியை எடுத்துத் தோளில் போட்டார். தடியை எடுத்தார். தொப்பியை எடுத்தார். வெளியே போனார்.

கடைசியாக வெளியே வந்தவன் நான். வெயில் ஜன்னலில் விழுந்து ஜாம் ஜாடி சிவப்பாக ஜொலித்தது. பக்கத்தில் மேகசின் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தேன். ஐந்தாறு நொடி நின்று பார்த்தேன். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

கீழ்ப்பாறையில் மற்ற மூவரும் நின்றுகொண்டார்கள். கூட்டமாகப் போனால் கிடா கலைந்துவிடும். ஒத்மார் தன் பையைக் கழற்றி என் பக்கம் தள்ளினார். "ரத்தம், நீ வா. இதத் தூக்கு." ஐம்பது வயதுக்கு ஒரு வருடம் குறைவு எனக்கு, இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுப்பவன். தூக்கினேன்.

ஒன்றேகால் மணி நேர ஏற்றம். இரண்டு முறை அவர் நின்று மூச்சு வாங்கினார். "நல்ல துப்பாக்கிடா. தோள்ல இருக்கறதே தெரியல" என்றார். தெரியாதுதான். ஒரு மேகசினும் மூன்று தோட்டாவும் குறைந்தது தெரியாத அளவுக்கு லேசான துப்பாக்கி அது. அவர் கேட்டதைத்தான் கொடுத்திருந்தேன்.

நூற்றைம்பது கஜ தூரத்தில் கிடா. கழுத்து மயிர் காற்றில் விரிந்து, பக்கவாட்டில் நின்றது. ஒத்மார் படுத்தார், பையை முட்டுக் கொடுத்தார், போல்ட்டைத் தள்ளினார், குறி பார்த்தார், விசையை இழுத்தார்.

டிக்.

போல்ட்டை மறுபடி இழுத்துத் தள்ளினார். டிக். துப்பாக்கியைப் புரட்டினார். மேகசின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுர ஓட்டை, அதன் வழியாகப் புல் தெரிந்தது. வலது பையைத் தடவினார், இடது பையைத் தடவினார், நெஞ்சைத் தடவினார். அந்த முகத்தை நான் ஆற அமரப் பார்த்தேன்.

"உன் தோட்டா ஒண்ணு குடு" என்று கிசுகிசுத்தார். "கையாலயே உள்ள போட்டுக்கறேன். சீக்கிரம்."

"என்னோடது அடியில விளிம்பு வச்ச தோட்டா. உன்னோடதுல உக்காராது" என்றேன்.

உண்மைதான். முறி துப்பாக்கிக்கு விளிம்புத் தோட்டா. அது அவருக்கும் தெரியும். ஆனால் என் இடது பையில் அவருடைய தோட்டாக்கள் இரண்டும் விரலில் தட்டுப்பட்டன. அந்த நிமிடம்தான் அவை எனக்கு ஞாபகம் வந்தன. அவர் கை இன்னும் நீண்டபடி இருந்தது. வீங்கிய விரல் முட்டிகள். ஒன்றை அந்தக் கையில் வைத்திருந்தால் அவருடைய எழுபதாவது வயதின் கிடா அவருக்கே கிடைத்திருக்கும். இருபது வருடமாக இதை யாருக்கும் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன்: நான் வைக்கவில்லை.

கிடா தலையைத் தூக்கியது. இன்னும் நாலடி வைத்தால் கரடும் நாட்டெல்லையும் தாண்டி இத்தாலிக்காரன் பக்கம் போய்விடும். என் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியை எடுத்தேன், நின்றபடியே, பாறையில் கையை ஊன்றிச் சுட்டேன். கிடா முன்னங்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்தது. இரண்டாவது தோட்டா எனக்கு எந்த நாளும் தேவைப்பட்டதில்லை.

மற்றவர்கள் மேலே வந்து சேர்ந்தார்கள். ப்ளாசி முதலில் கிடாயைப் பார்த்தார், பிறகு என் துப்பாக்கியை முகர்ந்தார், பிறகு ஒத்மாரின் துப்பாக்கியைப் பார்த்தார். குனிந்து, அந்தச் சதுர ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டு ஆட்டினார்.

"ஒத்மார், உன் குண்டுப்பெட்டி எங்க?"

ஒத்மார் துப்பாக்கியை இழுத்துத் தோளில் மாட்டினார்.

"ஜன்னல்ல!" என்றான் மைர் மூத்தவன். "ஜாம் ஜாடி பக்கத்துல! நீ வச்சப்பவே நான் பாத்தேன்!" சின்னவன் புல்லில் உட்கார்ந்தே சிரித்தான்.

"காலித் துப்பாக்கியோட மிருகத்து முன்னாடி" என்றார் ப்ளாசி. சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். மற்ற இருவரும் கழற்றினார்கள். ப்ளாசி என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

ஒத்மார் கத்தியை உருவி என் பக்கம் நீட்டினார். அதே மான்கொம்புப் பிடி. "சரி, சரி. வெளையாட்டுத்தான. மெதுவா போடு, முட்டி சரியில்ல."

நான் வாங்கவில்லை. "யாருக்குக் குடுக்குற? பேரச் சொல்லிக் குடு."

ஒத்மார் கத்தியை இறக்கினார், மறுபடி நீட்டினார்.

"வென்டலின்" என்றார்.

வாங்கினேன். அவர் என் கிடாயின் மேல் குப்புறக் கவிழ்ந்தார். முதல் அடியைப் பொய்யாகப் போட்டேன். இரண்டாவதையும் பொய்யாகப் போட்டேன். மைர் சகோதரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதைத் தோளிலிருந்து இறக்கினேன். தோல் கால்சட்டையிலிருந்து தூசி எழும்பியது. சிரிப்பு நின்றது.

"போதும்டா" என்றார் ப்ளாசி.

"மூணுதான கணக்கு. முடிஞ்சுது" என்றேன்.

எழுபது வயசுக் கிழவனை அப்படி அடிக்கலாமா என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். பத்தொன்பது வயசுப் பையனை அடிக்கலாமா என்று எவனும் கேட்டதில்லை.

ஒத்மார் பாறையைப் பிடித்து எழுந்தார். தலைவர் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி. குட்டைப் பைன் மரத்தில் ஒரு கொத்து ஒடித்து, கிடாயின் காயத்தில் தொட்டு, கத்தித் தகட்டில் வைத்து, சுட்டவனுக்கு நீட்ட வேண்டும். நீட்டினார். "வேட்டை வாய்க்கட்டும்" என்றார். கொத்தை எடுத்துத் தொப்பியில் சொருகினேன். "நல்ல வேர்வை" என்றேன். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அந்தக் கொத்து காய்ந்து என் கடை கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. பக்கத்தில் அந்த மேகசின். வரும்போது ஜன்னலிலிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டேன், அவர் கடைசிவரை கேட்கவில்லை. ரத்தம் என்ற பெயர் ஒரே வாரத்தில் செத்தது. "ஜன்னல் ஒத்மார்" என்ற பெயர் அவர் சவப்பெட்டி வரைக்கும் போனது. புர்கி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் பேசினாள். அதெல்லாம் பிறகு. அன்று இறங்கும்போது நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது.

மற்றவர்கள் கிடாயோடு முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் பின்னால். அவர் நொண்டினார், இப்போது இரண்டு காரணத்தால். பை அவர் முதுகிலேயே இருந்தது.

"ஜன்னல்ல இருந்தத நீ பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

அவர் தடியை ஊன்றித் தொடர்ந்து இறங்கினார். முதல் லார்ச் மரங்கள் வந்தன. அதில் ஒன்றில் பழைய சிலுவை அடித்திருக்கும், அதுதான் எல்லை. அதைத் தாண்டினால் "நீ" முடிந்தது, "நீங்க" தொடங்கும். அவர் அங்கே நின்று, தொப்பியைச் சரிசெய்து, முதலாளி முகத்தை மாட்டிக்கொண்டார். நான் தாண்டி வருவதற்காகக் காத்திருந்தார்.

தாண்டினேன். கீழே வண்டி நிற்கும் இடம் வரைக்கும் அவருக்கு முன்னால் நடந்தேன். வண்டி அருகே வந்ததும் கேட்டேன்.

"முட்டியோட நீ ஓட்டுவியா, நான் ஓட்டட்டுமா?"

அவர் திரும்பி, மேலே சிலுவை மரம் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு பையில் துழாவி, சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.